வீட்டில் வளரும் மலர்க் கும்பிடுபூச்சி எந்த இனம்? கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

போன புரட்டாசியில், ஆயுத பூஜைக்கு நாலு நாள் முன்னால், கோபியில் இருக்கும் அக்கா வீட்டுக்குச் சத்தியமங்கலம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு கூடை சம்பங்கி வந்தது. எல்லோரும் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தோம். அக்கா மகள் கூடையின் அடியிலிருந்து ஒரு மொட்டை எடுத்தாள். அந்த மொட்டு அவள் விரலில் ஏறி நடந்தது.

"மாமா, இதுக்குக் காலிருக்குது!"

வெள்ளை உடம்பு, காலில் இளஞ்சிவப்புப் பட்டை, முதுகுக்கு மேல் மடங்கி நிற்கும் வயிறு. பார்த்த மாத்திரத்தில் "ஆர்க்கிட் கும்பிடுபூச்சி அம்மிணி, ரொம்ப அபூர்வம்" என்று சொல்லிவிட்டேன். அவளும் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள். இரண்டு முறை தோல் உரித்ததும் அது பச்சைக்கு மாறியது. கார்த்திகையில் சிறகு வந்தபோது, அதன் மேல் நான் எதிர்பார்க்கவே இல்லாத ஒரு கண் போன்ற புள்ளி இருந்தது. நான் சொன்ன பெயர் தப்பு. ஒரு குழந்தையிடம் உறுதியாகச் சொன்ன பெயர் தப்பானது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு ஒழுங்காகப் பார்க்கக் கற்றுக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். மலர்க் கும்பிடுபூச்சி என்பது ஒரே இனத்தின் பெயர் இல்லை. பூவைப் போலத் தோற்றம் கொண்ட, பூவில் காத்திருந்து இரை பிடிக்கிற பல இனங்களுக்கான பொதுப் பெயர். உலகில் ஏறத்தாழ 2,400 கும்பிடுபூச்சி இனங்கள் இருக்கின்றன. இந்தியாவில் மட்டும் 160க்கு மேல். நம் ஊரில் இவை எல்லாவற்றையும் கும்பிடுபூச்சி என்கிறோம். முன்னும் பின்னும் ஆடுவதைப் பார்த்துத் தயிர்கடைப் பூச்சி என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்தப் பெயர் வைத்தவர் நன்றாகக் கவனித்திருக்கிறார். காற்றில் ஆடும் இலை மாதிரி அசைவது அதன் மறைவு வித்தைகளில் ஒன்று.

நிறத்தைக் கடைசியில் பாருங்கள்

எல்லோரும் தவறுவது இந்த இடத்தில்தான். கண்ணுக்கு முதலில் படுவது நிறம். ஆனால் இனம் சொல்வதற்கு அதைவிட மோசமான சாட்சி கிடையாது. மலர்க் கும்பிடுபூச்சியின் குட்டி ஒவ்வொரு முறை தோல் உரிக்கும்போதும் நிறம் மாறலாம். ஆர்க்கிட் கும்பிடுபூச்சிக் குட்டி தோல் உரிக்காமலே, சில நாட்களில் வெள்ளையிலிருந்து இளஞ்சிவப்புக்குப் போகும். ஒரே முட்டைக்கூட்டில் பிறந்த இரண்டில் ஒன்று பச்சையாகவும் ஒன்று வெளிர்நிறமாகவும் இருக்கும்.

முட்டையிலிருந்து வந்த புதுக்குட்டிகள் இன்னும் ஏமாற்றும். கிரியோபுரோட்டர் என்பது நம் ஊர்ச் சின்ன மலர்க் கும்பிடுபூச்சிகளின் பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டம். அதன் குட்டியும் ஆப்பிரிக்க முள் மலர்க் கும்பிடுபூச்சிக் குட்டியும் பிறக்கும்போது எறும்பு மாதிரி கறுப்பு. ஆர்க்கிட் கும்பிடுபூச்சியின் புதுக்குட்டிதான் சிவப்பும் கறுப்புமாக இருக்கும். அதில் வெள்ளை மருந்துக்கும் கிடையாது. ஆகவே "வெள்ளையாக இருக்கிறது", "ரோஸ் கலரில் இருக்கிறது" என்பதை நோட்டில் எழுதி வையுங்கள், முடிவுக்கு மட்டும் வராதீர்கள்.

எங்கிருந்து வந்தது?

பூச்சியைப் பார்ப்பதற்கு முன் இந்தக் கேள்வி. உங்கள் பூச்சி கொங்கு மண்ணில் ஒரு தோட்டத்தில், வேலியில், மொட்டை மாடித் தொட்டியில் கிடைத்ததா, அல்லது யாராவது விற்றதா?

தோட்டத்தில் கிடைத்தது என்றால் பாதி வேலை முடிந்தது. ஆப்பிரிக்க இனமாக இருக்க வாய்ப்பே இல்லை. செண்டுமல்லி, கோழிக்கொண்டை, சம்பங்கி மாதிரியான பூக்காட்டில் கிடைத்த, வயிற்றை மேலே மடித்து வைத்திருக்கும் சின்னப் பூச்சி என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிரியோபுரோட்டரைத்தான். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், கிளுவை வேலியிலோ வெள்வேல மரத்தடியிலோ காய்ந்த குச்சியும் சருகும் போல ஒன்று தொங்கினால் வயலின் கும்பிடுபூச்சியை நினையுங்கள். அது வெயிலும் வறட்சியும் விரும்பும் பூச்சி. தென்னிந்தியாவும் இலங்கையும்தான் அதன் சொந்த ஊர்.

விற்றவரிடம் வாங்கியது என்றால் அவர் சொன்ன பெயரை ஒரு தகவலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ஆர்க்கிட் என்று நம்பி நல்ல விலை கொடுத்து வாங்கிய குட்டி, வளர்ந்த பிறகு சாதாரணக் கிரியோபுரோட்டராக நின்றது. சாதாரணம் என்று சொன்னாலும் அதுவும் அழகான பூச்சிதான். ஆனால் கொடுத்த விலைக்கான பெயர் அது இல்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உயிருள்ள பூச்சிகளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அனுமதி வேண்டும். வெளிநாட்டு இனம் என்று தெரிந்தால் அதையோ அதன் குட்டிகளையோ தோட்டத்தில் விடாதீர்கள். காப்புக்காட்டிலிருந்து, அதுவும் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் போன்ற இடத்திலிருந்து எதையும் எடுத்து வரவும் கூடாது. வீட்டு வேலியே போதும்.

படம் எடுப்பது

கண்ணால் பார்த்து நினைவில் வைத்துக்கொள்வது உதவாது. போன் கேமரா போதும். பூச்சியை ஒரு குச்சியில் ஏறவிட்டு, பின்னால் வெள்ளைத் தாள் வைத்து, காலை வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் எடுங்கள். பிளாஷ் வேண்டாம், மினுமினுப்பில் விவரம் போய்விடும். அசையாமல் இருக்கட்டும் என்று பிரிட்ஜில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இரை தின்றுகொண்டிருக்கும்போது எடுத்தால் தானாகவே அசையாமல் இருக்கும்.

மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று, முன்னங்காலின் உட்புறம் தெரிய ஒன்று, கண்ணாடியிலோ டப்பாச் சுவரிலோ ஏறும்போது அடிவயிறு தெரிய ஒன்று. கூடவே ஒரு ஸ்கேல். அந்த அடிவயிற்றுப் படத்தை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அது எதற்கு என்று அடுத்துச் சொல்கிறேன்.

வயது, ஆண், பெண்

சிறகு முழுதாக இருந்தால் வளர்ந்த பூச்சி. முதுகில் சின்ன மொக்கு மாதிரி இருந்தால் குட்டி. அந்த மொக்கு உப்பிப் பருத்திருந்தால் கடைசித் தோல் உரிக்கும் நாள் நெருங்கிவிட்டது.

ஆணா பெண்ணா என்பதை அடிவயிற்றின் வளையங்களை எண்ணித் தெரிந்துகொள்ளலாம். பெண்ணுக்கு 6 தெரியும், கடைசி வளையம் அகலமாக இருக்கும். ஆணுக்கு 8 தெரியும், கடைசி இரண்டு மூன்றும் சின்னச் சின்னதாக நெருங்கியிருக்கும். ரொம்பச் சின்னக் குட்டியில் இது தெளிவாகத் தெரியாது. பாதி வளர்ந்த பிறகு எண்ணுங்கள். உரித்துப் போட்ட தோலை வைத்தும் எண்ணலாம், பூச்சிக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. நாங்கள் அப்படித்தான் எண்ணினோம்.

இனம் கண்டுபிடிக்க இது ஏன் தேவை? ஆணும் பெண்ணும் வேறு வேறு இனம் போலவே இருக்கும் என்பதால்தான். ஆர்க்கிட் கும்பிடுபூச்சியில் பெண் 6, 7 செ.மீ. வரை வளரும், ஆண் 3 செ.மீ.யைத் தாண்டாது. சின்னதாக இருக்கிறதே, வேறு இனமாக இருக்குமோ என்று குழம்பாமல் இருக்க முதலில் ஆண் பெண் தெரிய வேண்டும்.

தலையிலிருந்து கால் வரை

இப்போது உடம்பின் வடிவம். வடிவம் நிறம் போல மாறிக்கொண்டே இருப்பதில்லை, ஆகவே நேரம் எடுத்துப் பாருங்கள்.

கண்ணிலிருந்து தொடங்குங்கள். நம் வயல்களில் நிறைய இருக்கும் ஹைரோடுலா என்ற பெரிய பச்சைக் கும்பிடுபூச்சிக்கு உருண்டைக் கண். அதன் குட்டியும் வயிற்றை மேலே மடித்துக்கொள்ளும், அதனால் மலர்க் கும்பிடுபூச்சி என்று தப்பாகப் பெயர் வாங்கிவிடும். கிரியோபுரோட்டருக்குக் கண் கூம்பு மாதிரி மேல்நோக்கிக் கூராக இருக்கும். இரண்டு கண்ணுக்கும் நடுவில் நெற்றியில் ஒரு சின்ன முனையும் உண்டு. முகத்துக்கு நேராக எடுத்த படத்தில் இது பளிச்சென்று தெரியும். வயலின் கும்பிடுபூச்சிக்கு உச்சந்தலையில் கிரீடம் போல ஒரு நீட்சி இருக்கும். அதன் வளர்ந்த ஆணுக்கு உணர்கொம்பு இறகு போலக் கிளை விட்டிருக்கும்.

அடுத்து, தலைக்கும் நடுக்காலுக்கும் இடைப்பட்ட பகுதி. கழுத்து என்றே வைத்துக்கொள்வோம். வயலின் கும்பிடுபூச்சிக்கு அது நீண்ட குச்சி. மேல் முனையில் மட்டும் இலை போல விரிந்திருக்கும். அந்த விரிவின் அடிப்புறம் ஊதாச் சாயல் கொண்டது. தலைகீழாகத் தொங்கும்போது அதுதான் பூ. வயலின் என்ற பெயரும் இந்தக் கழுத்தைப் பார்த்து வந்ததுதான். கழுத்தை மட்டும் வைத்தே எளிதாகப் பெயர் சொல்லக்கூடிய கும்பிடுபூச்சி இது. கோங்கைலஸ் கோங்கைலோடிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். 1758லேயே லின்னேயஸ் வகைப்படுத்திவிட்டார். கிரியோபுரோட்டருக்கும் ஆர்க்கிட் கும்பிடுபூச்சிக்கும் கழுத்து குட்டை.

முன்னங்கால் தொடை தட்டையாக, வட்டமாக, குத்துச்சண்டைக் கையுறை போல அகன்றிருந்து, பூச்சி 2, 3 செ.மீ. அளவில் நின்றுகொண்டு கையை மாறி மாறி நீட்டி ஆட்டினால் அது ஹெஸ்டியாசுலா வகையோ அதன் நெருங்கிய உறவோ. நம் நாட்டுப் பூச்சிதான். தொடையின் உட்புறத்தில் பளீர் நிறம் இருக்கும். அதைக் காட்டத்தான் அந்த ஆட்டம்.

கடைசியாக நடுக்காலும் பின்னங்காலும். இங்கேதான் நான் அவசரப்பட்டேன். ஆர்க்கிட் கும்பிடுபூச்சியின் இந்த நாலு கால் தொடைகளிலும் அரைவட்டமாக, உண்மையான பூவிதழ் அளவுக்கு விரிந்த மடல் இருக்கும். பாதி வளர்ந்த குட்டியில் கால் தெரியாது, மடல்தான் தெரியும். கிரியோபுரோட்டர் காலில் இருப்பது சின்ன விளிம்பு, அதுவும் முழங்கால் பக்கம். காலில் பட்டை பட்டையாக நிறம். எங்கள் பூச்சியின் பக்கவாட்டுப் படத்தை அன்றைக்கே பெரிதாக்கிப் பார்த்திருந்தால் அந்தக் குழந்தையிடம் தப்பாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

வயிற்றின் மேற்புறத்தையும் ஒரு பார்வை பாருங்கள். மடிந்த வயிற்றின் ஓரமெல்லாம் முள் முள்ளாக இருந்து, முதுகுப்பக்கம் ஒரு கண்புள்ளியும் இருந்தால் அது ஆப்பிரிக்க முள் மலர்க் கும்பிடுபூச்சியின் குட்டி, அதாவது சூடோகிரியோபோட்ரா வால்பெர்கி. உலகெங்கும் வளர்ப்பவர்களிடம் நிறைய இருப்பது அது.

சிறகு வரும் நாள்

இதுவரை பார்த்தது பேரினம் சொல்லப் போதும். உறுதியான சாட்சி சிறகுதான், அதற்குக் கடைசித் தோல் உரியும் வரை காத்திருக்க வேண்டும். பெண் குட்டி ஆணைவிடக் கூடுதல் தடவை தோல் உரிக்கும், ஆகவே ஒன்றாகக் கிடைத்த இரண்டில் பெண்ணுக்குத் தாமதமாகவே சிறகு வரும்.

அந்த நாளைக் கெடுத்துவிட்டால் அடையாளமே போய்விடும். பூச்சி தலைகீழாகத் தொங்கித்தான் தோல் உரிக்கும். பெட்டியின் உயரம் பூச்சியின் நீளத்தைப் போல 3 மடங்காவது வேண்டும், மேலே பிடித்துத் தொங்க வலையோ துணியோ வேண்டும். இடம் போதவில்லை என்றாலோ காற்று ரொம்ப வறண்டிருந்தாலோ சிறகு சுருங்கி ஒட்டிக்கொள்ளும்; புள்ளியைப் படிக்க முடியாது. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோட்டில் மாசி முதல் வைகாசி வரை காற்று வறண்டிருக்கும் நாட்கள் அதிகம். அந்த மாதங்களில் பெட்டியின் சுவரில் காலையும் மாலையும் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள், பூச்சியின் மேல் வேண்டாம். வயலின் கும்பிடுபூச்சிக்கு மட்டும் இவ்வளவு ஈரம் தேவையில்லை. குட்டி இரையை ஒதுக்கிவிட்டு ஒரே இடத்தில் தொங்க ஆரம்பித்தால் உள்ளே இருக்கும் ஈ, வெட்டுக்கிளி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தோல் உரிக்கும்போது இரையே அதைக் கடித்துவிடும்.

தோல் உரித்த பிறகு சிறகை விரித்துத் தொங்கவிட்டுக் காய வைக்கும். அப்போது தொடாமல், வெளியிலிருந்து, பின்சிறகும் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். அப்புறம் பின்சிறகைப் பார்க்கும் வாய்ப்பு அது மிரண்டு விரிக்கும்போதுதான். அதற்காக மிரட்ட வேண்டாம்.

இனி சிறகைப் படிக்கலாம். பச்சை முன்சிறகில் நடுவே ஒரு வெளிர்மஞ்சள் புள்ளி, அதைச் சுற்றிக் கறுப்பு வளைவு, பார்ப்பதற்கு விழித்த கண் போல இருந்தால் கிரியோபுரோட்டர். வளர்ந்த பூச்சி 3, 4 செ.மீ. அளவுதான். அந்தப் புள்ளி கண்ணாக இல்லாமல் 9 என்ற எண் போலச் சுழித்திருந்தால் ஆப்பிரிக்க முள் மலர்க் கும்பிடுபூச்சி. இந்த இரண்டையும்தான் அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள். கண்ணா, சுழியா என்று கேட்டாலே போதும். பச்சைச் சிறகின் குறுக்கே அகலமான வெள்ளைப் பட்டை ஓடினால் தென்கிழக்காசியாவின் தியோப்ரோபஸ். சிறகில் புள்ளியே இல்லாமல் வெள்ளையாக, கழுத்தின் மேல் குறுக்கே ஒரு பழுப்பு அல்லது பச்சைக் கோடு இருந்து, கால் மடல்களும் அப்படியே இருந்தால் அதுதான் உண்மையான ஆர்க்கிட் கும்பிடுபூச்சி, ஹைமனோபஸ் கொரோனாட்டஸ். முழுப் பச்சைச் சிறகின் முன் விளிம்பை ஒட்டி ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு மட்டும் இருந்தால் அது ஹைரோடுலா. மலர்க் கும்பிடுபூச்சியே இல்லை.

ஆர்க்கிட் பூச்சியைப் பற்றி ஒரு சின்னச் செய்தி. அது ஆர்க்கிட் பூவில் ஒளிந்துகொள்கிறது என்றுதான் ரொம்பக் காலம் எல்லோரும் எழுதினார்கள். ஜேம்ஸ் ஓஹான்லன் என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் மலேசியாவில் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், அது எந்தப் பூவிலும் ஒளியாமல் தனியாக உட்கார்ந்தும் தேனீ போன்ற பூச்சிகளை இழுக்கிறது என்று காட்டினார்கள். அருகில் இருந்த உண்மையான பூவைவிட அதிகமாகவே இழுத்ததாம். அதனால் "எந்தப் பூவில் கிடைத்தது" என்பதை வைத்து இனம் சொல்ல முயலாதீர்கள். பூ ஒரு துப்பு, அவ்வளவுதான்.

பேரினத்தோடு நிற்பதும் நேர்மையான பதில்

கிரியோபுரோட்டர் என்று தெரிந்துவிட்டது. அதற்குள் எந்த இனம்? ஜெம்மாட்டஸ், அபிகாலிஸ், அர்பானஸ் என்று இந்தியாவில் பல இருக்கின்றன. கண்புள்ளியின் அளவு, வடிவம், பின்சிறகில் சிவப்பு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதெல்லாம் உதவும். ஆனால் உறுதியாகப் பிரிப்பது ஆண்பூச்சியின் இனப்பெருக்க உறுப்பை உருப்பெருக்கியில் பார்த்துத்தான். உயிரோடு இருக்கும் செல்லப் பூச்சியில் அதைச் செய்யக் கூடாது. ஆகவே படத்தை மட்டும் பார்த்து "இது இந்த இனம்தான்" என்று யாராவது அடித்துச் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.

கண்ட உயிரினங்களைப் பதிந்து மற்றவர்களிடம் பெயர் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படங்களை ஏற்றலாம். அது தானாகக் காட்டும் பெயரை அப்படியே ஒப்புக்கொள்ளாமல், பேரின அளவில் பதிந்துவிட்டு மற்றவர்கள் பார்க்கக் காத்திருங்கள். கிடைத்த ஊரும் தேதியும் சரியாக இருக்க வேண்டும். வளர்ப்புப் பூச்சி, விலைக்கு வாங்கியது என்றால் அதையும் குறிப்பிடுங்கள்; இல்லையென்றால் ஆப்பிரிக்கப் பூச்சி பொள்ளாச்சியில் வாழ்வதாகப் பதிவாகிவிடும்.

நேரில் ஒப்பிட்டுப் பார்க்கக் கோயம்புத்தூரே நல்ல இடம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2018இல் திறந்த பூச்சி அருங்காட்சியகம் இருக்கிறது. 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்திலும் பூச்சித் தொகுப்பு உண்டு. ஊசியில் குத்தி, சிறகு விரித்து வைத்த பூச்சியைக் கண்முன்னால் பார்த்தால், பத்து படம் பார்த்தும் புரியாதது சட்டெனப் புரியும். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பூச்சி இறந்த பிறகு

மலர்க் கும்பிடுபூச்சிக்குச் சிறகு வந்தபின் சில மாதங்கள்தான் ஆயுள், ஆணுக்கு இன்னும் குறைவு. இறந்ததைத் தூக்கிப் போடாதீர்கள். விறைப்பதற்கு முன் ஒரு பக்கத்துச் சிறகுகளை மட்டும் தெர்மாக்கோல் மேல் விரித்து, தாள் பட்டையால் அழுத்தி நிழலில் காய வையுங்கள். அதுவரை ஒளிந்திருந்த பின்சிறகு முழுதாகத் தெரியும். எறும்பு வராமல் டப்பாவில் நாப்தலீன் உருண்டை ஒன்று போடுங்கள். பக்கத்தில் ஒரு சீட்டு: கிடைத்த இடம், தேதி, எந்தச் செடி, ஆணா பெண்ணா, எத்தனை முறை தோல் உரித்தது. சீட்டு இல்லாத பூச்சி அழகுப் பொருள் மட்டும்தான். சீட்டு இருந்தால் நாளைக்கு ஒரு பூச்சியியலாளர் அதை எடுத்துப் பார்ப்பார்.

எங்கள் பூச்சி பங்குனியில் போனது. சீட்டை அக்கா மகளே எழுதினாள். "கிரியோபுரோட்டர், பெண். சத்தியமங்கலம் பக்கம், சம்பங்கித் தோட்டம். புரட்டாசி." இது வரைக்கும் பேனா. இனம் என்ற இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, "அதுக்கு இடம் விட்டு வெச்சிருக்கேன் மாமா" என்றாள்.